அந்த மூன்று வட்டங்களைப் பற்றி: மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,



சில மாதங்களுக்கு முன் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் பேசப் போயிருந்தேன். பிளஸ் டூ வகுப்பறை. முந்தைய பாடவேளையில் போட்ட படம் கரும்பலகையில் அழிக்கப்படாமல் இருந்தது. ஒரு பெரிய வட்டம், அதற்குள் மூன்று சிறிய வட்டங்கள். இரண்டில் சிவப்புச் சாக்பீஸால் 'அப்', ஒன்றில் நீலச் சாக்பீஸால் 'டவுன்'. அடியில் 'புரோட்டான்' என்று அழகான கையெழுத்து. நான் பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், மூணு குவார்க்னு போட்டிருக்கே, யாராவது எண்ணிப் பார்த்தாங்களா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. "நேரடியா எண்ண முடியாதும்மா, சோதனைகளிலிருந்து தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் வரும்போது அந்தப் பதில் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. புரோட்டானின் உள்ளமைப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அவளுடையது. அதற்கு உண்மையான பதில் இருக்கிறது. பிளஸ் டூ கணக்கைத் தாண்டாமலே அதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடவும் முடியும். அதை உங்கள் வழியாக அவளைப் போன்ற பிள்ளைகளிடம் சேர்க்கத்தான் இந்த மடல்.

எல்லோரும் நடத்தும் ரூதர்போர்டிலிருந்தே தொடங்குகிறேன். தங்கத் தகட்டில் மோதிய ஆல்பா துகள்களில் சில பின்னோக்கித் திரும்பியதால் அணுவுக்குள் கெட்டியான ஒரு கரு உண்டு என்று 1911இல் அவர் சொன்னார். அதே பாணிச் சோதனையைப் புரோட்டானுக்கே செய்து பார்த்தார்கள், கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் நேர்முடுக்கி மையத்தில். 3 கிலோமீட்டர் நீளமுள்ள முடுக்கி. அதில் 20 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் ஏற்றிய எலக்ட்ரான்கள் 1967 முதல் ஹைட்ரஜன்மீது பாய்ச்சப்பட்டன. புரோட்டான் மிருதுவான ஒரு மேகமாக இருந்தால் எலக்ட்ரான்கள் பெரிய கோணங்களில் சிதறியிருக்கக் கூடாது. ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகப் பல சிதறின. உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவருக்கும் இதற்காக 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. 1964இல் கெல்-மானும் ஸ்வைக்கும் காகிதத்தில் முன்வைத்த குவார்க்குகள்தாம் அந்தப் புள்ளிகள் என்பது மெல்ல மெல்ல உறுதியானது.

அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். அது குவார்க்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. வேகமாக ஓடும் புரோட்டானின் மொத்த உந்தத்தில், அடிபட்ட குவார்க் எவ்வளவு பங்கைச் சுமந்திருந்தது என்று சொல்கிறது. அந்தப் பங்குக்கு எக்ஸ் என்று பெயர். சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் ஓர் எண். எக்ஸின் ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை குவார்க் என்று வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதைத்தான் குவார்க் பரவல் என்கிறோம். கரும்பலகையில் இருக்கும் மூன்று வட்டங்களும் உந்தத்தைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டு சும்மா இருந்தால், அந்த வரைபடத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற இடத்தில் ஓர் ஊசி நிற்க வேண்டும், மற்ற இடமெல்லாம் வெறுமை. உண்மையில் கிடைப்பது அகலமான ஒரு கோடு. எக்ஸ் சிறிதாகச் சிறிதாக அது உயர்ந்துகொண்டே போகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா மோதுவியில், எக்ஸ் மிகச் சிறிதாகும் பகுதியில் இந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது. அங்கே எண்ணத் தொடங்கினால் முடிவே வராது. குவார்க்குகளைப் பிணைக்கும் வலு விசையின் கொந்தளிப்பில் குவார்க்கும் எதிர்குவார்க்கும் இணை இணையாகத் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன. ஆழமாகப் பார்க்கப் பார்க்க எண்ணிக்கை கூடும்.

அப்படியானால் அந்த 'மூன்று' எங்கிருந்து வந்தது?

ஒரு கடையின் கல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கப் பணம் வருகிறது, போகிறது. எத்தனை நோட்டு கைமாறியது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இரவில் கடையைக் கட்டும்போது வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிஞ்சும் இருப்புதான் கணக்கு. புரோட்டானுக்குள்ளும் இதே கதைதான். குவார்க்கை வரவு என்றும் எதிர்குவார்க்கைச் செலவு என்றும் எழுதினால், புதிதாகத் தோன்றும் ஒவ்வோர் இணையும் இரு பத்தியிலும் ஒவ்வொன்றைச் சேர்க்கும், இருப்பு அசையாது. அப் குவார்க்கின் பரவலிலிருந்து எதிர்-அப் குவார்க்கின் பரவலைக் கழித்து, சுழியத்திலிருந்து ஒன்று வரை கூட்டினால் விடை 2. டவுனுக்கு அதே கணக்கைப் போட்டால் 1. ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்குச் சுழியம். இவற்றுக்கு 'கூட்டல் விதிகள்' என்று பெயர். புரோட்டானின் மின்னூட்டம் 1 என்பதும் அதன் பேரியான் எண் 1 என்பதும் மாறாதவரை இந்த விதிகளும் மாறாது.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் குவார்க்கையும் எதிர்குவார்க்கையும் வேறுபடுத்திப் பார்க்கும் திறன் உண்டு. அதைப் பயன்படுத்தினால் அந்த 'மூன்றை' அளக்கலாம் என்று 1969இல் டேவிட் கிராஸும் கிறிஸ் லுவெலின் ஸ்மித்தும் காட்டினார்கள். பிறகு அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் இரும்பு இலக்கின்மீது நியூட்ரினோக்களைப் பாய்ச்சி அளந்தபோது கிடைத்த விடை ஏறக்குறைய 2.5. அரை குறைந்தது ஏன்? குவார்க்குகள் வலு விசையைக் கடத்தும் குளுவான்களை உமிழ்ந்தும் விழுங்கியும் இருப்பதால் அளவீட்டில் ஒரு திருத்தம் வருகிறது. அந்தத் திருத்தம் எவ்வளவு என்பதையும் வலு விசைக் கோட்பாடே சொல்கிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு டேலி ஆகிறது.

இரண்டாவது கட்டுப்பாடு உந்தம். உள்ளே இருக்கும் எல்லாவற்றின் பங்குகளையும் கூட்டினால் ஒன்று வந்தாக வேண்டும். ஓட்டையும் இருக்கக் கூடாது, மிச்சமும் இருக்கக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் சோதனைகளையும் நியூட்ரினோ சோதனைகளையும் வைத்துக் கூட்டியபோது, குவார்க்குகளும் எதிர்குவார்க்குகளும் சேர்ந்து சுமந்தது ஏறத்தாழப் பாதிதான் என்று தெரிந்தது. நூறு ரூபாய்க் கணக்கில் ஐம்பது ரூபாயைக் காணோம். உந்த அழிவின்மை பொய்க்காது என்று நம்பியவர்கள், எலக்ட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் தென்படாத ஏதோ ஒன்று மீதியைச் சுமக்கிறது என்று முடிவு கட்டினார்கள். மின்னூட்டம் இல்லாத குளுவான்தான் அது. ஹாம்பர்க்கின் பெட்ரா மோதுவியில் 1979இல் மூன்று பீச்சல்களாகத் தெறித்த துகள்கள் குளுவானுக்கு நேரான சாட்சி சொன்னபோது, அதன் நிழல் கணக்கேட்டில் விழுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பேரேட்டில் விழும் ஓட்டையை வைத்தே ஒரு துகள் இருப்பதை அறியலாம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

மூன்றாவது கட்டுப்பாட்டை நீங்கள் வகுப்பிலேயே செய்துகாட்டலாம். சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரான் ஒரு குவார்க்கை அடிக்கும் வாய்ப்பு, அந்தக் குவார்க்கின் மின்னூட்டத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. அப் குவார்க்கின் மின்னூட்டம் 2/3, வர்க்கம் 4/9. டவுன் குவார்க்குக்கு மைனஸ் 1/3, வர்க்கம் 1/9. குறிப்பிட்ட ஓர் எக்ஸில் புரோட்டானுக்குள் இருக்கும் அப் குவார்க்குகளின் அளவை 'அ' என்றும் டவுன் குவார்க்குகளின் அளவை 'ட' என்றும் வையுங்கள். புரோட்டானிலிருந்து வரும் சிதறல் 4அ + ட என்பதற்கு நேர்விகிதம். நியூட்ரானில் அப்பும் டவுனும் இடம் மாறுகின்றன. ஆகவே அங்கே அ + 4ட. நியூட்ரானைப் புரோட்டானால் வகுத்தால் விகிதம் இதுதான்:

(அ + 4ட) ÷ (4அ + ட)

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: 'அ'வும் 'ட'வும் என்னவென்றே நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் மைனஸ் ஆக முடியாது. அப்படியானால் இந்த விகிதம் எவ்வளவு சிறிதாகலாம், எவ்வளவு பெரிதாகலாம்? 'ட'வைச் சுழியமாக்கினால் 1/4. 'அ'வைச் சுழியமாக்கினால் 4. புரோட்டானுக்குள் என்ன நடந்தாலும் சரி, எக்ஸ் எதுவானாலும் சரி, விகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். எதிர்குவார்க்குகளையும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகளையும் சேர்த்தாலும் இந்த வரம்பு கெடாது. 1972இல் ஓட்டோ நாக்ட்மான் எழுதிய வரம்பு இது. உள்ளே இருப்பது எதுவும் தெரியாமலே, உள்ளே இருக்க முடியாதது எது என்று சொல்லிவிட்டோம். அதற்கு வேண்டியிருந்தது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே.

ஸ்டான்போர்ட் அளவீடுகளில் எக்ஸ் கூடக் கூட இந்த விகிதம் இறங்கிக்கொண்டே வந்தது. 1/4க்குக் கீழே போயிருந்தால் குவார்க்குகளின் மின்னூட்டத்தைப் பற்றி நாம் நம்பியதெல்லாம் அன்றே கவிழ்ந்திருக்கும். போகவில்லை. எக்ஸ் ஒன்றை நெருங்கும்போது, அதாவது ஒரே குவார்க் கிட்டத்தட்ட முழு உந்தத்தையும் சுமக்கும் அபூர்வ நிலையில், விகிதம் எங்கே போய் நிற்கும் என்பதில் கருத்துகள் பிரிந்தன. அப், டவுன் இரண்டும் ஒரே விதமாகப் பரவியிருந்தால் 2/3. ஃபாரரும் ஜாக்சனும் 1975இல் வலு விசைக் கோட்பாட்டைக் கொண்டு காட்டிய வழியில் 3/7. டவுன் குவார்க் அங்கே அடியோடு மறைந்துபோனால் 1/4. ட/அ என்பதற்கு 1/2, 1/5, 0 என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விடைகளும் பிள்ளைகள் கையாலேயே வரும்.

இதை அளப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். தனி நியூட்ரானால் இலக்கு செய்ய முடியாது. கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாக 15 நிமிடங்களுக்குள் சிதைந்துபோகும். டியூட்ரியத்துக்குள் இருக்கும் நியூட்ரானை அளக்கலாம். ஆனால் பக்கத்தில் கட்டுண்டு கிடக்கும் புரோட்டானின் பிடி கணக்கைக் குழப்பும். அதனால் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 2018இல் மாரத்தான் என்ற சோதனைக்கு டிரிட்டியம் வாயுவையே இலக்காக்கினார்கள். டிரிட்டியத்தில் ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான். ஹீலியம்-3இல் இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். இரண்டையும் ஒப்பிட்டால் கட்டுண்ட நிலையின் குழப்பம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கதிரியக்க வாயுவைப் பத்திரமாகப் பூட்டி வைத்து, அதன்மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, உங்கள் கரும்பலகையில் இருக்கும் அந்த ஒரு வகுத்தலுக்கு விடை தேடினார்கள்.

இனி இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வரம்புகள் எல்லாம் தாக்குப்பிடித்தன. உடைந்துபோன வரம்புகளும் உண்டு. உடைந்தவையும் உடையாதவையும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பதுதான் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம்.

1967இல் கர்ட் காட்ஃபிரிட் ஒரு கூட்டல் விதியைச் சொன்னார். புரோட்டானின் சிதறலிலிருந்து நியூட்ரானின் சிதறலைக் கழித்து, தகுந்தபடி கூட்டினால் 1/3 வர வேண்டும். பார்த்தால் மற்ற விதிகளைப் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது: எதிர்-அப்பும் எதிர்-டவுனும் புரோட்டானுக்குள் ஒரே அளவில் இருக்கும் என்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறை கொண்டவை, குளுவான் இரண்டையும் ஒன்றுபோலத்தான் படைக்கும், பிறகு ஏன் வேறுபடப் போகிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. எந்த அழிவின்மை விதியும் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. 1991இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் நியூ மியூவான் குழு வெளியிட்ட விடை 0.24 அளவில் இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு வெகுவாகக் குறைவு. எதிர்-டவுன் அதிகம், எதிர்-அப் குறைவு. 1998இல் ஃபெர்மிலாபின் வேறொரு சோதனை அதை எக்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டியது. 2021இல் அங்கேயே சீகுவெஸ்ட் குழு, இன்னும் பெரிய எக்ஸ் மதிப்புகளிலும் எதிர்-டவுனே மிகுதி என்று அறிவித்தது. புரோட்டான் அவ்வப்போது ஒரு நியூட்ரானாகவும் நேர்மின் பயானாகவும் பிரிந்து மறுபடி கூடுகிறது, அந்தப் பயானுக்குள் இருப்பது ஓர் அப்பும் ஓர் எதிர்-டவுனும் என்பது இதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. விதி உடைந்ததால்தான் புரோட்டானைச் சுற்றிப் பயான் மேகம் இருப்பதைக் குவார்க் அளவில் பார்க்க முடிந்தது.

தற்சுழற்சியின் கதை இதைவிடத் தெளிவானது. ஒரே சோதனைப் பாதை, இரண்டு விதிகள், இரண்டு வேறு முடிவுகள்.

முதல் விதி எல்லிஸும் ஜாஃபியும் 1974இல் தந்தது. ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள் புரோட்டானின் தற்சுழற்சியில் பங்கேற்பதில்லை என்று அனுமானித்தால், ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 0.19 அளவில் வர வேண்டும். செர்னின் ஐரோப்பிய மியூவான் குழு அளந்து 1988இல் வெளியிட்ட விடை 0.12ஐ ஒட்டி இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், குவார்க்குகளின் தற்சுழற்சி புரோட்டானின் தற்சுழற்சிக்கு ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை என்று பொருள். உலகமே திகைத்தது, 'தற்சுழற்சி நெருக்கடி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இன்றைய அளவீடுகளின்படி குவார்க்குகளின் பங்கு சுமார் முப்பது விழுக்காடு. மீதி குளுவானின் தற்சுழற்சியிலும், குவார்க்கும் குளுவானும் உள்ளே சுற்றி வருவதிலும் இருக்கிறது. எதில் எவ்வளவு என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது விதியை 1966இலேயே ஜேம்ஸ் பியார்கன் எழுதியிருந்தார். புரோட்டானின் கூட்டுத்தொகையிலிருந்து நியூட்ரானின் கூட்டுத்தொகையைக் கழித்தால், நியூட்ரானின் பீட்டா சிதைவில் வரும் ஓர் எண்ணில் ஆறில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். அந்த எண் சுமார் 1.27. எங்கோ ஓர் ஆய்வகத்தில் நியூட்ரான் நிதானமாகச் சிதைகிறது. வேறெங்கோ உயர் ஆற்றல் மியூவான்கள் புரோட்டானைத் துளைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே எண் என்கிறது விதி. அளக்கவே வழியில்லாத காலம் அது. தம் சமன்பாட்டால் பயன் எதுவும் இல்லை என்றே பியார்கன் அப்போது எண்ணினார். 1990களில் செர்னிலும் ஸ்டான்போர்டிலும் நியூட்ரானையும் சேர்த்து அளந்தபோது, வலு விசைத் திருத்தத்தோடு அந்த விதி நிமிர்ந்து நின்றது. பயனற்றது என்று ஒதுக்கிய சமன்பாடு அந்த நெருக்கடியின் நடுவே கலங்கரை விளக்கமாயிற்று. பியார்கன் 2024இல் மறைந்தார்.

எல்லிஸ்–ஜாஃபி விதி உடைந்தது, பியார்கன் விதி நின்றது. காரணம் எளிது. ஒன்றின் அடியில் நமது எதிர்பார்ப்பு இருந்தது. மற்றதன் அடியில் இயற்கையின் சமச்சீர்மை இருந்தது. இரண்டையும் பாடநூலில் ஒரே எழுத்துருவில் அச்சிட்டால் வேறுபாடு தெரியாது. சோதனைதான் பிரித்துக் காட்டியது. வாழ்க்கையில் எத்தனையோ விதிகளைப் பிள்ளைகள் கேட்கப் போகிறார்கள். எந்த விதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் பழக்கத்தை இயற்பியல் வகுப்பு கொடுக்கவில்லை என்றால் வேறு எந்த வகுப்பு கொடுக்கும்?

இன்னும் ஒரு வரம்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு குவார்க்கை மூன்று விதமாக விவரிக்கலாம். மொத்தத்தில் எத்தனை என்பது முதல் பரவல். புரோட்டான் தான் ஓடும் திசையிலேயே தற்சுழற்சி கொண்டிருக்கும்போது, குவார்க்கின் தற்சுழற்சி அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது இரண்டாவது. புரோட்டானின் தற்சுழற்சி ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்கும்போது, குவார்க் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை அளப்பதுதான் மிகக் கடினம். 1979இல் ரால்ஸ்டனும் சோப்பரும் அறிமுகப்படுத்திய அதை, 2007இல்தான் முதன்முதலாகத் தரவுகளிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது. ஒத்துப்போகும் குவார்க்குகள் மொத்தக் குவார்க்குகளைவிட அதிகமாக இருக்க முடியாது என்ற வெளிப்படையான வரம்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1995இல் ஜாக் சோஃபர் அதற்கு மேல் இன்னொரு வரம்பைக் கண்டார்: மூன்றாவது பரவலின் இரட்டிப்பு, முதல் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டாது. இதை நிறுவ அடித்தளமாக வேண்டியது என்ன தெரியுமா? எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் மைனஸ் ஆகாது என்பதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த உண்மை. மூன்று பரவல்களும் ஒரே வீச்சுகளிலிருந்து பிறப்பதால், ஒன்றின் அளவு மற்ற இரண்டைக் கட்டிப்போடுகிறது. பல பேர் பல ஆண்டுகள் கடந்துபோன பாதையில் கிடந்த இந்த மணியைக் குனிந்து எடுத்தவர் ஒருவர்தான்.

இந்த வரம்புகள் எல்லாம் கல்லில் செதுக்கியவை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். குவார்க் பரவல் மைனஸ் ஆகாது என்பதே அண்மையில் விவாதத்துக்கு உள்ளாயிற்று. பரவலை நாம் வரையறுக்கும் முறையில், முடிவிலிகளை நீக்கும் கணக்கு ஒன்று கலந்திருக்கிறது. 2020இல் கேண்டிடோ, ஃபோர்த்தே, ஹெக்ஹார்ன் மூவரும் வழக்கமான முறையிலும் பரவல் நேர்மமாகவே இருக்கும் என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே காலின்ஸ், ராஜர்ஸ், சாட்டோ மூவரும் அது எப்போதும் உறுதியில்லை என்று காட்டினார்கள். மைனஸ் ஆகவே முடியாதது, உண்மையில் அளக்கக்கூடிய சிதறல் வாய்ப்புதான். நாம் வரைந்துகொண்ட ஒரு துணைக் கோட்டுக்கு அந்த உரிமையைத் தானாகக் கொடுத்துவிட முடியாது. இந்த விவாதமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: இந்த விதிக்கு அடியில் என்ன இருக்கிறது?

இவ்வளவும் எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் புரோட்டானும் புரோட்டானும் மோதும்போது, உண்மையில் மோதிக்கொள்பவை உள்ளிருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும். ஹிக்ஸ் துகள் எத்தனை முறை தோன்றும் என்று கணிப்பதானாலும், புதிய துகளைத் தேடுவதானாலும், இந்தப் பரவல்களைத் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். அவற்றைப் பேனாவும் காகிதமும் கொண்டு வலு விசைக் கோட்பாட்டிலிருந்து நேரடியாகக் கணக்கிட இன்றுவரை இயலவில்லை. ஆயிரக்கணக்கான அளவீட்டுப் புள்ளிகளின் ஊடே கோடு போட்டுத்தான் பெறுகிறார்கள். இப்போது நியூரல் வலையமைப்புகளும் அந்தக் கோட்டைப் போடுகின்றன. அவை எந்த வளைவையும் போடும். எதைப் போடக் கூடாது என்று அவற்றுக்குச் சொல்வது கூட்டல் விதிகளும் நேர்ம வரம்புகளும்தான். தரவு இல்லாத இடத்தில் இயந்திரம் கற்பனை செய்யாமல் கையைப் பிடித்து நிறுத்துபவை அவை. அமெரிக்காவின் புரூக்ஹேவனில் அமையவிருக்கும் எலக்ட்ரான்–அயனி மோதுவியில் தற்சுழற்சிக் கணக்கை முடிக்கப் போகிறவர்களில் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியும் இருக்கலாம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, அந்த மூன்று வட்டங்களைப் போடுவதை நிறுத்த வேண்டாம். தொடங்க ஒரு படம் வேண்டும். ஆனால் படத்துக்கு அடியில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'குவார்க் கழித்தல் எதிர்குவார்க் = 3'. அந்தக் கழித்தல் இருந்தால் பிள்ளை பின்னால் கல்லூரிக்குப் போகும்போது பள்ளியில் சொன்னது பொய் என்று நினைக்காது. பாதி சொன்னார்கள், மீதிக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள் என்று நினைக்கும்.

இரண்டு, ஆண்டில் ஒரே ஒரு பாடவேளையை அந்த வகுத்தலுக்கு ஒதுக்குங்கள். தேர்வில் வராது என்பது எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தின் சுமையும் பொதுத்தேர்வின் நெருக்கடியும் தெரியும். ஆனாலும் 1/4, 4 என்ற இரண்டு எண்களும் தன் நோட்டில் தன் கையால் வந்து விழும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். உலகின் பெரிய ஆய்வகங்கள் தேடும் விடைக்குத் தானே வேலி கட்டிவிட்டோம் என்ற உணர்வு அது. நாற்பது நிமிடத்துக்கு அது தகும்.

மூன்று, உடைந்த விதிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். காட்ஃபிரிட்டின் 1/3 ஏன் வரவில்லை, பியார்கனின் விதி ஏன் நின்றது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். விஞ்ஞானிகள் தோற்ற கதையாக அது கேட்காது. எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்ட கதையாகக் கேட்கும்.

அந்த மாணவிக்கு நான் பட்ட கடனும் பாக்கி இருக்கிறது. அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அவளைப் போல ஒருத்தி உங்கள் வகுப்பில் எழுந்து, "யாராவது எண்ணிப் பார்த்தாங்களா?" என்று கேட்டால், வகுப்பு சிரிப்பதற்குள் தயவுசெய்து இந்தப் பதிலைச் சொல்லிவிடுங்கள்:

"எண்ணிப் பார்க்கலைம்மா, கழிச்சுப் பார்த்தாங்க. எப்படின்னு காட்டுறேன், நோட்டை எடு."

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்